எச்.ஐ.வி. மதிப்பீட்டின் வரலாறும் திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் எத்தனை பேர் என்னும் வினாவுக்கு 2006ஆம் ஆண்டில் 57 லட்சம் என்றும், 2007ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25 லட்சம் என்றும் இருவேறு விடைகள் தரப்பட்டன. ஓராண்டு இடைவெளியில் எண் பாதிக்கும் கீழாகக் குறைந்தமைக்கு எண்ணும் முறை மாறியதே காரணமாகும். இம்மாற்றத்தின் வரலாற்றைச் சென்னையில் முதல் தொற்று கண்டறியப்பட்ட 1986ஆம் ஆண்டிலிருந்து தொகுத்துரைக்கும் இக்கட்டுரை, அம்முறைகள் இடம்பெயர் தொழிலாளர் நிறைந்த திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தை எவ்வளவு காணவல்லன என்பதை ஆராய்கிறது. மாவட்டம் என்னும் நிருவாக அலகும், கருவுற்ற பெண்களுக்கான மருத்துவ நிலையம் என்னும் கண்காணிப்புக் களமும் இவ்வட்டாரத்தின் தொழிலாளர் வாழ்க்கையோடு முழுமையாகப் பொருந்துவதில்லை என்பதும், ஆகவே மதிப்பீட்டு எண்களை அவை உருவான வரலாற்றோடு சேர்த்தே படிக்கவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: எச்.ஐ.வி., மதிப்பீடு, கண்காணிப்பு ஆய்வு, திருப்பூர், பின்னலாடைத் தொழில், இடம்பெயர்வு, பொதுச் சுகாதார வரலாறு.

முன்னுரை

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாகச் சென்று ஆட்களை எண்ண இயலும். எச்.ஐ.வி. தொற்றுடையோரை அவ்வாறு எண்ண இயலாது. தொற்று ஏற்பட்டபின் பல ஆண்டுகள்வரை வெளிப்படையான அறிகுறிகள் தோன்றாமல் இருக்கலாம். தொற்றுடையோரில் ஒரு பகுதியினர் தம் நிலையைத் தாமே அறியாதிருப்பர். அறிந்தோரும் சமூகப் புறக்கணிப்புக்கு அஞ்சி மறைப்பர். எனவே, சிறு பகுதியினரைச் சோதித்து அதிலிருந்து பெருந்தொகையினரின் நிலையை ஊகித்தறியும் மதிப்பீட்டு முறை தேவைப்படுகிறது. யாரைச் சோதிப்பது, எங்கே சோதிப்பது, கிடைத்த விகிதத்தை யார்மீது ஏற்றிக் கணக்கிடுவது ஆகிய மூன்று வினாக்களுக்குக் காலந்தோறும் தரப்பட்ட விடைகளே எச்.ஐ.வி. மதிப்பீட்டின் வரலாறாகும்.

இவ்வரலாற்றைத் திருப்பூரை முன்வைத்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து சேரும் உழைப்பாளரை நம்பி இயங்குவது இவ்வட்டாரம். நிலையாக ஓரிடத்தில் வாழும் குடும்பத்தை அளவுகோலாகக் கொண்ட கணக்கு, நிலையாத வாழ்வுடைய ஊரில் எவ்வாறு செயற்படுகிறது என்பதை அறிய இது தக்க களமாகும்.

1. சென்னையில் தொடங்கிய தேடல்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளரிடமிருந்து இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அம்மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. சிலவற்றில் தொற்று உறுதியானபின் அச்செய்தி சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இத்தொற்று இராது என்னும் அக்கால நம்பிக்கையை இக்கண்டுபிடிப்பு தகர்த்தது.

மதிப்பீட்டு வரலாற்றின் நோக்கில் இங்குக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. தேடல் எவரிடம் தொடங்கியதோ அவரிடமே தொற்று முதலில் காணப்பட்டது. அதனால் இந்நோய் குறிப்பிட்ட சிலருக்கே உரியது என்னும் எண்ணம் பொதுவெளியில் வேரூன்றியது. பொதுமக்களிடையே பரவல் எவ்வளவு என்னும் வினாவுக்கு அன்று விடை இல்லை.

1992ஆம் ஆண்டில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தோன்றியது. 1994ஆம் ஆண்டில் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டது. திட்டமும் நிதியும் வந்தபின் 'எத்தனை பேர்?' என்னும் வினா நிருவாகத் தேவையாக மாறியது. மருந்து, பரிசோதனைக் கருவி, ஆலோசகர் பணியிடம் ஆகிய அனைத்துக்கும் ஓர் எண் வேண்டியிருந்தது.

2. கண்காணிப்பு ஆய்வும் 400 மாதிரிகளும்

அவ்வெண்ணைத் தருவதற்கு 1998ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஒழுங்குபடுத்தப்பட்ட முறையே 'சென்டினல் சர்வைலன்ஸ்' எனப்படும் கண்காணிப்பு ஆய்வாகும். தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவ நிலையங்களில் குறிப்பிட்ட மாதங்களில் தொடர்ச்சியாக வருவோரின் இரத்த மாதிரிகள் சோதிக்கப்பட்டன. கருவுற்ற பெண்கள் வரும் நிலையம் எனில் 400 மாதிரிகள். பால்வினை நோய்ச் சிகிச்சைப் பிரிவு எனில் 250 மாதிரிகள். வேறு வழக்கமான சோதனைக்காக எடுக்கப்பட்ட இரத்தத்தின் எஞ்சிய பகுதியிலிருந்து பெயர், முகவரி ஆகியவற்றை நீக்கியபின் எச்.ஐ.வி. சோதனை செய்யப்பட்டது. ஒப்புதல் மறுப்பால் கணக்குப் பிறழாமல் இருக்க இம்முறை உதவியது. ஆனால், இரத்தம் தந்த பெண்ணுக்கு முடிவு தெரிவிக்கப்படவில்லை. நாட்டின் கணக்குக்கு உதவிய ஒருத்தி தன் நிலையை அறியாமலே வீடு திரும்பினாள் என்பது இம்முறையின் அறவியற் சிக்கலாக நீண்டகாலம் விவாதிக்கப்பட்டது.

கருவுற்ற பெண்கள் பொதுமக்களின் பதிலியராகக் கொள்ளப்பட்டனர். அவர்களிடம் காணப்பட்ட விகிதம் நகர்ப்புற, ஊர்ப்புற மக்கள்தொகையின்மீது ஏற்றப்பட்டது. பால்வினை நோய்ப் பிரிவுகளில் காணப்பட்ட விகிதம் தனியே கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டது. இவ்வாறு பெறப்பட்ட தேசிய மதிப்பீடு 1998ஆம் ஆண்டில் 35 லட்சமாக இருந்தது. 2003ஆம் ஆண்டில் 51 லட்சமாகவும், 2005ஆம் ஆண்டில் 52 லட்சமாகவும் உயர்ந்தது. தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம், கருநாடகம், மகாராட்டிரம், மணிப்பூர், நாகாலாந்து ஆகிய ஆறும் உயர்பரவல் மாநிலங்கள் என வகைப்படுத்தப்பட்டன.

400 என்னும் மாதிரி அளவின் பொருளை எண்கொண்டே விளக்கலாம். ஒரு நிலையத்தில் 400 பெண்களில் 4 பேருக்குத் தொற்று இருப்பின் விகிதம் 1 விழுக்காடு. ஆனால், புள்ளியியல் முறைப்படி 95 விழுக்காட்டு நம்பகத்தில் உண்மை விகிதம் ஏறத்தாழ 0.3 முதல் 2.5 விழுக்காடுவரை எதுவாகவும் இருக்கலாம். மூன்றாம் தேசியத் திட்டக் காலத்தில் (2007–2012) மாவட்டங்கள் நான்கு வகைகளாகப் பிரிக்கப்பட்டபோது, கருவுற்ற பெண்களிடையே 1 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பரவல் இருப்பதே முதல் வகைக்குரிய தகுதியாயிற்று. 400 பேரில் 4 பேர் எனில் அம்மாவட்டம் இவ்வெல்லையைக் கடக்கவில்லை. 5 பேர் எனில் கடந்துவிடுகிறது. ஒரே ஒரு பெண்ணின் சோதனை முடிவு மாவட்டத்தின் வகையையே மாற்றக்கூடியதாக இருந்தது. பல நிலையங்களையும் பல ஆண்டுகளையும் சேர்த்து நோக்கும்போது இக்குறை தணியும். தனி மாவட்டத்தை, அதிலும் தனி ஊரை, அறிய முற்படும்போது அது மீண்டும் தலைதூக்கும்.

3. பாதியாகிய எண்

2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, 2005ஆம் ஆண்டில் இந்தியாவில் அனைத்து வயதினரிலும் 57 லட்சம் பேர் தொற்றுடன் வாழ்ந்தனர் என்றது. தென்னாப்பிரிக்காவுக்கு அது தந்த எண் 55 லட்சம். உலகிலேயே மிகுதியான தொற்றாளரைக் கொண்ட நாடு இந்தியா என்னும் செய்தி எங்கும் பரவியது. 2010ஆம் ஆண்டுக்குள் இவ்வெண் 2 கோடியைத் தாண்டும் என்ற அமெரிக்க உளவுத்துறை மதிப்பீடு ஒன்று 2002ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது.

அதே காலத்தில் மறுதிசையில் சான்றுகள் திரண்டன. ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் லலித் தண்டோனா குழுவினர் மக்களிடமே நேரடியாக மாதிரி எடுத்து ஆராய்ந்தனர். கண்காணிப்பு ஆய்வு முறையில் கணக்கிட்டால் கிடைக்கும் எண் மக்களிடையே கண்ட எண்ணைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்பது 2006ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வாய்வால் தெரிந்தது. அரசு மருத்துவமனைகளை நாடுவோர் பெரும்பாலும் ஏழைகளாக இருத்தல், தொற்று உள்ள அல்லது ஐயத்துக்குரிய பெண்களைத் தனியார் மருத்துவர்கள் அங்கு அனுப்பிவிடுதல், பால்வினை நோய்ப் பிரிவுக் கணக்கைத் தனியே கூட்டுதல் ஆகியவை இம்மிகைக்குக் காரணங்களாகக் காட்டப்பட்டன.

இதனை நாடளவில் உறுதிப்படுத்தியது மூன்றாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு (2005–06). ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தம் சோதிக்கப்பட்ட இக்கணக்கெடுப்பில் 15–49 வயதினரிடையே பரவல் 0.28 விழுக்காடு, தமிழ்நாட்டில் 0.34 விழுக்காடு. இச்சான்றையும், விரிவாக்கப்பட்ட கண்காணிப்பு நிலையங்களின் தரவையும் இணைத்து 2007ஆம் ஆண்டு சூலை 6 அன்று புதிய மதிப்பீடு அறிவிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய எண் ஏறத்தாழ 25 லட்சம். வயது வந்தோரிடையே பரவல் 0.36 விழுக்காடு. உலக எண்ணும் இதனால் மாறியது. 2006இல் 3.95 கோடி எனப்பட்ட உலக மதிப்பீடு 2007இல் 3.32 கோடியாகத் திருத்தப்பட்டதற்கு இந்தியத் திருத்தமே தனிப்பெருங் காரணமாகும்.

எண்ணின் இவ்வீழ்ச்சியை நோயின் வீழ்ச்சியாகக் கொள்ளலாகாது. உண்மையான குறைவுக்குத் தனிச் சான்று உண்டு. 2000 முதல் 2004 வரை தென்மாநிலங்களில் கண்காணிப்பு நிலையங்களுக்கு வந்த 15–24 வயதுக் கருவுற்ற பெண்களிடையே பரவல் 1.7 விழுக்காட்டிலிருந்து 1.1 விழுக்காடாகக் குறைந்தது என்பதை இராசேசு குமார், பிரபாத் சா முதலியோரின் ஆய்வு காட்டியது. அளவுகோலில் பிழை இருந்தும் ஒரே அளவுகோலால் ஆண்டுதோறும் அளந்தமையால் போக்கு புலப்பட்டது. கண்காணிப்பு ஆய்வின் வலிமை போக்கைக் காட்டுவதில் உள்ளது. தொகையைக் காட்டுவதில் அது வலுவற்றது என்னும் பாடத்தை இக்காலகட்டம் தந்தது.

4. மாவட்ட எல்லையும் தொழில் வட்டாரமும்

இப்பாடத்தைத் திருப்பூரில் பொருத்திப் பார்க்கையில் முதற்சிக்கல் எல்லையிலேயே எழுகிறது. திருப்பூர் மாவட்டம் 2009ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து உருவாக்கப்பட்டது. அதற்குமுன் மாவட்ட வாரியான பட்டியல்களில் 'திருப்பூர்' என ஒரு வரி இல்லை. பின்னலாடை ஏற்றுமதி விரைந்து வளர்ந்ததும் தமிழ்நாட்டில் தொற்றுப் பரவல் உச்சத்தில் இருந்ததும் 2009க்கு முற்பட்ட காலத்திலேயாகும். அக்காலத்தில் திருப்பூரும் பல்லடமும் அவிநாசியும் கோவை மாவட்டச் சராசரிக்குள் கரைந்திருந்தன. காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டுச் சராசரியில் அடங்கின. 2001ஆம் ஆண்டில் 42 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்த கோவை மாவட்டத்தின் ஒரு விகிதம், பனியன் கம்பெனித் தெருக்களையும் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களையும் ஒருசேரக் குறித்தது.

மாவட்டம் பிரிந்தபின்னும் தொழில் வட்டாரம் எல்லைக்குள் அடங்கவில்லை. ஈரோடு, கோவை மாவட்டச் சிற்றூர்களிலிருந்து கம்பெனி வேன்களில் நாள்தோறும் தொழிலாளர் வந்து திரும்புகின்றனர். ஒரு மாவட்டத்தில் உறங்கி இன்னொரு மாவட்டத்தில் உழைப்போர் எம்மாவட்டத்துக்குரியோர் என்பதற்கு மதிப்பீட்டு முறை உறங்கும் இடத்தையே விடையாகக் கொள்கிறது.

அடுத்த சிக்கல் வகுக்கும் எண்ணில் உள்ளது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருப்பூர் மாவட்ட மக்கள்தொகை 24,79,052. அக்கணக்கெடுப்பு பிப்ரவரி மாதத்தில் நடந்தது. நொய்யல் ஆறு மாசடைந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது அதற்கு முந்திய சனவரியில். தொழில் முடங்கிய வேளையில் எண்ணப்பட்ட மக்கள்தொகையே அதன்பின் வந்த ஆண்டுகளின் கணக்குகளுக்கு அடிப்படையாயிற்று. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப்போனது. ஒரு பகுதியில் 2,000 பேர் தொற்றுடன் வாழ்வதாகக் கொள்வோம். மக்கள்தொகை 10 லட்சம் எனில் பரவல் 0.20 விழுக்காடு, 8 லட்சம் எனில் 0.25 விழுக்காடு. தொற்றாளர் ஒருவர்கூடக் கூடாத நிலையிலும் விகிதம் கால் பங்கு உயர்ந்துவிடுகிறது. ஆர்டர் மிகுந்தால் நிறைந்து, தீபாவளி, பொங்கல் விடுமுறையில் வெறிச்சோடும் ஊரில் இவ்வேறுபாடு கற்பனையன்று.

5. கண்காணிப்புக்குத் தப்புவோர்

கருவுற்ற பெண்களைப் பதிலியராகக் கொள்ளும் முறை திருப்பூரில் சந்திக்கும் தடை பண்பாடு சார்ந்தது. முதற் பேறு தாய்வீட்டில் நிகழவேண்டும் என்பது தமிழகத்தில் பரவலான வழக்கம். மதுரை, தேனி, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து ஓவர்லாக் எந்திரத்திலோ செக்கிங் மேசையிலோ பணிபுரியும் பெண் கருவுற்றால், வளைகாப்புக்குப் பின்னரோ அதற்கு முன்னரோ ஊருக்குத் திரும்புவது இயல்பு. அவள் திருப்பூரில் பதிவு செய்யாமல் சொந்த ஊரில் பதிவு செய்தால், அவளுடைய சோதனை முடிவு அம்மாவட்டத்துக் கணக்கில் சேரும். ஒடிசா, பீகார், சார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து தனியே வந்து அறைகளில் கூடித் தங்கும் ஆண்களின் மனைவியர் ஊரிலேயே இருப்பின், அவ்வாண்கள் திருப்பூரின் கருவுற்றோர் கணக்கில் எவ்வகையிலும் பிரதிபலிப்பதில்லை.

வீட்டுக் கணக்கெடுப்பும் இக்குறையை முழுமையாக நிரப்புவதில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு குடும்பங்களை அலகாகக் கொண்டது. விடுதிகள் போன்ற நிறுவனத் தங்குமிடங்கள் அதன் வரம்புக்கு வெளியில் உள்ளவை. நூற்பாலைகளும் பின்னலாடை ஆலைகளும் நடத்தும் மகளிர் விடுதிகளில் வாழும் இளம்பெண்கள் இதனால் விடுபடுகின்றனர். கண்காணிப்பு ஆய்வு மிகையாகக் காட்டியது என்று 2007இல் திருத்தியபோது அளவுகோலாக நின்ற குடும்பக் கணக்கெடுப்பும், இடம்பெயர்ந்து வாழ்வோரைப் பொறுத்தவரை குறைவாகக் காட்டும் வாய்ப்புடையதே.

இதனை உணர்ந்தே இடம்பெயர் ஆண் தொழிலாளரும் தொலைதூர லாரி ஓட்டுநரும் தனிப் பிரிவினராகக் கண்காணிப்பில் சேர்க்கப்பட்டனர். 2017ஆம் ஆண்டுக் கண்காணிப்பின்படி நாடளவில் பரவல் கருவுற்ற பெண்களிடையே 0.28 விழுக்காடு; இடம்பெயர் தொழிலாளரிடையே 0.51 விழுக்காடு, லாரி ஓட்டுநரிடையே 0.86 விழுக்காடு. இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது. எனினும், இடம்பெயர் தொழிலாளர் இருநூற்றுவரில் ஒருவருக்கே தொற்று உள்ளது என்பதையும் இவ்வெண்ணே சொல்கிறது. தொற்றிய இடம், வாழும் இடம், கண்டறியப்பட்ட இடம் ஆகிய மூன்றும் ஒருவர் வாழ்வில் மூன்று ஊர்களாக இருக்கக்கூடும். கண்டறியப்பட்ட இடத்தை மட்டும் பதியும் தரவைக்கொண்டு ஒரு தொழில் நகரை நோயின் ஊற்று என்பதும், வெளியூர்த் தொழிலாளரை நோய் கொணர்ந்தோர் என்பதும் சான்றற்ற கூற்றுகளாகும்.

6. வாழ்வோரும் புதிதாகத் தொற்றுக்குள்ளாவோரும்

தொற்றுடன் வாழ்வோரின் தொகையையும் ஓராண்டில் புதிதாகத் தொற்றுக்குள்ளாவோரின் தொகையையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஏரியின் நீர்மட்டம் முன்னது. வரத்துக்காலில் வரும் நீர் பின்னது. மதகுவழி வெளியேறும் நீர் இறப்பு. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை உள்ளிட்ட எட்டு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. சிகிச்சையால் மக்கள் நெடுநாள் வாழத் தொடங்கியபின், வரத்துக் குறைந்தபோதும் நீர்மட்டம் குறையாது. ஆகவே, தொற்றுடன் வாழ்வோர் தொகை உயர்வது சில வேளைகளில் சிகிச்சையின் வெற்றியைக் குறிக்கும்.

புதிய தொற்றுகளை நேரடியாக எண்ண இயலாது. கண்காணிப்புத் தரவு, குடும்பக் கணக்கெடுப்பு, சிகிச்சை பெறுவோர் பட்டியல், மக்கள்தொகை ஆகியவற்றைக் கணித மாதிரி ஒன்றில் உள்ளிட்டு அவை பின்னோக்கிக் கணக்கிடப்படுகின்றன. இந்தியாவில் 'ஸ்பெக்ட்ரம்' என்னும் மென்பொருள் இதற்குப் பயன்படுகிறது. 2017ஆம் ஆண்டுச் சுற்றின்படி தொற்றுடன் வாழ்வோர் 21.40 லட்சம், புதிய தொற்றுகள் 87,580, எய்ட்ஸ் சார்ந்த இறப்புகள் 69,110. 2019ஆம் ஆண்டுச் சுற்றின்படி அவை முறையே 23.48 லட்சம், 69,220, 58,960. தமிழ்நாட்டுக்குரிய தொகை 1.42 லட்சத்திலிருந்து 1.55 லட்சமாயிற்று.

இவ்விரு சுற்றுகளையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். புதிய தொற்றிலிருந்து எய்ட்ஸ் இறப்பைக் கழித்தால் ஆண்டுக்கு நிகர உயர்வு 10,000 முதல் 18,500 வரையே ஆகும். பிற காரணங்களால் நேரும் இறப்புகளையும் கழித்தால் அது மேலும் குறையும். இரண்டாண்டுகளில் 40,000ஐ எட்டாத நிகர உயர்வு, 2.08 லட்ச வேறுபாட்டை விளக்காது. எஞ்சிய பெரும்பகுதி தரவும் மாதிரியும் திருத்தப்பட்டதால் விளைந்தது. 2019ஆம் ஆண்டு எண்ணின் நம்பக எல்லையே 17.98 லட்சம் முதல் 30.98 லட்சம்வரை விரிந்துள்ளது. வெவ்வேறு சுற்றுகளின் எண்களை அருகருகே நிறுத்தி 'உயர்ந்தது', 'குறைந்தது' என முடிவுகட்டுவது பிழை. ஒரே சுற்றில் வெளியிடப்படும் ஆண்டுவாரி வரிசையையே ஒப்பிடவேண்டும்.

7. எண்ணின் பயனும் சுமையும்

உயர்ந்த எண் நிதியைக் கொணர்ந்தது. கூடவே அச்சத்தையும் கொணர்ந்தது. குறைந்த எண் அச்சத்தைத் தணித்தது, கவனத்தையும் தணித்தது. மாவட்டச் சராசரி தாழ்ந்திருக்கும் இடத்தில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தொற்று செறிந்திருப்பினும் அது சராசரிக்குள் மறையும். நம்பிக்கை மையம் எங்கே திறக்கப்படவேண்டும், அது எந்நேரம் இயங்கவேண்டும் என்னும் முடிவுகள் சராசரியைச் சார்ந்தே எடுக்கப்படுகின்றன. ஷிப்ட் முடிந்து இரவில் அறை திரும்பும் தொழிலாளிக்குப் பகலில் மட்டும் திறந்திருக்கும் மையம் பயன்படாது.

தொற்றுடையோரில் 95 விழுக்காட்டினர் தம் நிலையை அறிதல் வேண்டும் என்னும் உலக இலக்கும் மதிப்பீட்டையே வகுக்கும் எண்ணாகக் கொண்டது. மதிப்பீடு குறைவாக இருப்பின் இலக்கு எளிதில் எட்டப்பட்டதாகத் தோன்றும். கண்டறியப்படாதோர் கணக்கிலிருந்தே விலகிவிடுவர். 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் (2017), ஒப்புதலின்றிச் சோதித்தலையும் வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டுதலையும் தடைசெய்கிறது. ஆகவே, தொழிலாளர் வட்டாரத்தைத் துல்லியமாக அறியவேண்டும் என்னும் நோக்கம் ஆலைவாயிலில் கட்டாயச் சோதனையாக மாறலாகாது. கணக்குத் துல்லியம் பெறவேண்டிய வழி, தொழிலாளர் அஞ்சாமல் தாமே வந்து சோதித்துக்கொள்ளும் சூழலாகும்.

முடிவுரை

இவ்வாய்வால் அறியப்படும் கருத்துகள் வருமாறு:

1. இந்தியாவின் எச்.ஐ.வி. மதிப்பீடு 2007ஆம் ஆண்டில் பாதிக்கும் கீழாகக் குறைந்தமைக்குச் சோதிக்கப்பட்டோரும் கணக்கிடும் முறையும் மாறியதே முதன்மைக் காரணம். நோயின் உண்மையான குறைவுக்குரிய சான்று தனியானது.

2. 2009க்கு முன் தனி மாவட்டமாக இல்லாமையால் திருப்பூரின் தொற்று வரலாறு கோவை, ஈரோடு மாவட்டச் சராசரிகளுள் மறைந்துள்ளது. மாவட்டங்களை ஒப்பிட்டு எழுதப்படும் வரலாறுகள் இவ்வெல்லை மாற்றத்தைக் கருத்திற்கொள்ளவேண்டும்.

3. தாய்வீட்டுப் பேறு, தனித்து வாழும் ஆண்கள், மகளிர் விடுதிகள், பருவந்தோறும் மாறும் மக்கள்தொகை ஆகியவற்றால் கருவுற்றோர் கண்காணிப்பும் குடும்பக் கணக்கெடுப்பும் இவ்வட்டாரத்தைப் பகுதியளவிலேயே காண்கின்றன.

4. இக்குறை திருப்பூரில் தொற்று மிகுதி என்பதற்கோ குறைவு என்பதற்கோ சான்றாகாது. இரு திசையிலும் அவசர முடிவு கூடாது என்பதற்கே அது சான்றாகும்.

5. தொழிலாளரின் சொந்த ஊர், பணியூர், சிகிச்சை பெறும் ஊர் ஆகியவற்றை மந்தணம் காத்து இணைத்து நோக்கும் வட்டார அளவிலான ஆய்வு இத்துறையின் அடுத்த தேவையாகும்.

1986இல் சில குப்பிகளில் இருந்த குருதியிலிருந்து தொடங்கிய கணக்கு, இன்று மென்பொருள் தரும் மாவட்ட எண்களாக வளர்ந்துள்ளது. அவ்வெண்களுள் தறியோடும் தையலோடும் ஊர்விட்டு ஊர் செல்லும் மனிதர் எவ்வளவு இடம்பெற்றுள்ளனர் என வினவுதல் சமூக வரலாற்றாய்வின் கடமையாகும்.